ஒரு பக்கம் மட்டும் எழுதியவன்

ஃபைதல் கரெலிக்கின் கவிதைகளை இந்த உலகத்தில் என்னைவிட ஊன்றிப் படித்தவன் இல்லை. என்னைவிட வயிறெரிந்து படித்தவனும் இல்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை. வில்னா நகரத்தில் இன்று உயிரோடு மிஞ்சியிருக்கும் யூதர்கள் எல்லோரையும் ஒரு பெரிய கூடத்தில் உட்கார வைத்துவிடலாம். அவர்களில் எவனாவது இதை வேறு மாதிரி ஊதிவிடுவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் ஹெனக் பூனிமோவிட்ஸ். நானும் கவிஞன்தான். நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். பரவாயில்லை, எனக்குப் பழகிவிட்டது.

பதினாறு வயதில் யெஷிவா என்ற யூத வேதப் பாடசாலையில் எங்கள் இரண்டு பேரையும் ஜோடி சேர்த்தார்கள். அங்கே தல்மூது என்ற சாஸ்திர நூலை யாரும் தனியாகப் படிப்பதில்லை. எதிரெதிரே உட்கார்ந்து, ஆடி ஆடி, ராகம் போட்டு, உரக்கப் படிக்க வேண்டும். ஒருவன் ஒரு வரியைச் சொன்னால் மற்றவன் அதைப் பிடித்துக் குடைய வேண்டும். ஆட்சேபணை இல்லாமல் ஒரு வரியைத் தாண்டிவிட்டால் அதைப் படித்ததாகவே சேர்த்தி இல்லை. அப்படிச் சண்டை போட்டுப் படித்த வரி செத்தாலும் மறக்காது. சில நாள் புத்தகத்தின் மேல் குண்டூசியைக் குத்திப் பரீட்சை வைப்பார்கள். ஊசி பத்துத் தாள்களைத் துளைத்துக்கொண்டு எந்தெந்தச் சொல்லில் இறங்கியிருக்கிறது என்று பார்க்காமல் சொல்ல வேண்டும். நான் சொல்லிவிடுவேன். ஃபைதல் ஜன்னலுக்கு வெளியே பனியைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

அந்த இரண்டு வருஷம்தான் என் வாழ்க்கையில் நான் அவனுக்கு ஒரு படி மேலே இருந்தது.

பிறகு இருவரும் கிருதாவைக் கத்தரித்துக்கொண்டு யெஷிவாவை விட்டு ஓடி வந்தோம். கவிதை எழுதுவது என்று முடிவு. நான் பதினொரு கவிதைகளைச் சுத்தமாகப் பிரதி எடுத்துப் பத்திரிகைக்கு அனுப்பினேன். தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் எழுதினேன். அச்சுக்கோப்பவருக்கு அனுப்பும் பிரதி அப்படித்தான் இருக்க வேண்டும். மறுபக்கத்தில் எழுத்து இருந்தால் அவர் தூக்கி எறிந்துவிடுவார். ஏழு மாதம் கழித்துப் பதினொன்றும் திரும்பி வந்தன. அதே வாரம் ஃபைதல், ஹெர்ரிங் மீன் சுற்றி வந்த தாளில் ஏதோ கிறுக்கி மேஜையில் போட்டுவிட்டுத் தூங்கப் போய்விட்டான். மீன் வாடையோடு அதை எப்படி அனுப்புவது என்று நானே நல்ல தாளில் எழுதி அனுப்பினேன். அடுத்த இதழின் முதல் பக்கத்தில் வந்தது. ஆசிரியர் என் கையெழுத்தைப் பாராட்டி ஒரு வரி எழுதியிருந்தார்.

ஃபைதலின் அக்கா தோப்ராதான் எங்கள் இருவருக்கும் சமைத்துப் போடுவாள். எங்களைவிட மூன்று வயது பெரியவள், வாய் இருபது வயது பெரியது.

"ஏன்டா ஹெனக், மூஞ்சிய உர்ருனு வச்சிருக்க? சூப்புல உப்பு இல்லையா, இல்ல என் தம்பி கவிதை எழுதிட்டானா?" என்பாள்.

"உப்பு இல்ல" என்பேன்.

"பொய் சொல்றான் பாரு. உப்ப நான்தானே போட்டேன்."

ஒரு பனிக்காலக் கடைசியில் தேநீர்க் கடையில் கவிதை வாசிப்பு நடந்தது. ஃபைதல் வீலியா ஆற்றைப் பற்றி ஒன்று வாசித்தான். மூன்று மாதம் உறைந்து கிடந்த ஆறு உடைகிற நாள். கடைசி வரி இது: *பனி வெடிக்கும் சத்தத்தில் நதிக்குத் தன் பெயர் ஞாபகம் வருகிறது.* கடை முழுக்க மூச்சு விடவில்லை. நான் எழுந்து நின்றேன்.

"ஒரு ஆட்சேபணை. ஞாபகம் வரணும்னா முதல்ல மறந்திருக்கணும். நதி எப்ப தன் பேரை மறந்துச்சு?"

சிலர் சிரித்தார்கள். ஃபைதல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "நீ குளிர்காலத்துல ஒரு தடவகூட ஆத்துப் பக்கம் போனதில்லன்னு தெரியுதுடா" என்றான். அதற்குச் சிரித்தவர்கள் அதிகம்.

வீட்டுக்குப் போய் அந்த வரியை நானே திருத்தி எழுதினேன்: *பனி வெடிக்கும் சத்தத்தில் நதி மறுபடி பேசத் தொடங்குகிறது.* தர்க்கத்தில் ஓட்டை இல்லாத வரி. அதை அவனிடம் காட்டியபோது பெரிய மனிதன் குழந்தையின் தலையைத் தடவுவதுபோல, "நல்லாருக்குடா, வச்சுக்கோ" என்றான்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். யூத எழுத்தாளர்களின் கைப்பிரதிகளைச் சேகரித்து வைக்கும் பெரிய நூலகம் ஒன்று எங்கள் ஊரில் இருந்தது. அங்கே வேலை பார்த்தவர் ஒருநாள் தெருவில் என்னை நிறுத்தித் தொப்பியைக் கழற்றினார். என் கவிதைகளைத்தான் கேட்கப் போகிறார் என்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டேன். "உங்க சிநேகிதர் கரெலிக்கோட கைப்பிரதிகள வாங்கித் தருவீங்களா? அவரக் கேட்டா மறந்துடறார்" என்றார். நாற்பத்து மூன்று கவிதைகள், ஒரு நீல உறையில். நானே சுமந்துகொண்டு போய்க் கொடுத்தேன். ஃபைதல் சோம்பேறி, ஒன்றுக்கும் வேறு பிரதி வைத்துக்கொள்ளவில்லை.

பிறகு ஜெர்மானியர்கள் வந்தார்கள். எங்களை ஏழு தெருக்களுக்குள் அடைத்து, வாசலில் காவல் வைத்து, அதற்குக் கெட்டோ என்று பெயரிட்டார்கள். தோப்ரா பொதுச் சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்தாள். ஃபைதலுக்கு ராணுவத்துக்கு ரோமக் கையுறை தைக்கும் பட்டறையில் வேலை. எனக்குக் கிடைத்த வேலை அந்த நூலகத்திலேயே. பெரல் என்ற பள்ளிக்கூட ஆசிரியர் உட்பட இருபது பேர். எல்லாப் புத்தகங்களையும் தாள்களையும் பிரிக்க வேண்டும். விலையுள்ளவை ஜெர்மனிக்கு, மீதி, ஃபைதலின் கவிதை வந்த பத்திரிகைகள் உட்பட, மூட்டை கட்டிக் காகித ஆலைக்குக் கூழாக்க.

நாங்கள் திருடினோம். சட்டைக்குள், கால்சராய்க்குள், வயிற்றைச் சுற்றித் தாள்களைக் கட்டிக்கொண்டு மாலையில் கெட்டோ வாசலைக் கடந்து உள்ளே வந்து புதைத்து வைத்தோம். மாட்டிக்கொண்டால் பொனாரிக் காடு. அங்கே போனவர்கள் யாரும் திரும்பவில்லை. இதற்கெல்லாம் பயப்பட்டவன் நான் இல்லை என்பதற்காகத்தான் சொல்கிறேன்.

ஃபைதல் தினமும் வாசலுக்குப் பக்கத்தில் காத்திருப்பான்.

"என் நீல உறை கண்ணுல பட்டுச்சாடா?"

"இன்னும் அந்த அறைக்கு வரல."

1943 ஏப்ரலில் ஒரு திங்கட்கிழமை கண்ணில் பட்டது. மதியச் சாப்பாட்டு நேரம். திறந்து ஒரு கவிதை படித்தேன். பிறகு இன்னொன்று. அன்று மாலை ஃபைதல் கேட்டபோது, "இன்னும் வரல" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று என்னிடம் கேட்காதீர்கள். பொறாமை, வேறென்ன. ஆனால் எனக்கு நானே வேறு கதை சொல்லிக்கொண்டேன். இதில் ஒரு மட்டமான கவிதையாவது இருக்கும். அதைக் கண்டுபிடித்துவிட்டு உறையைக் கொண்டுபோவேன். முகத்துக்கு நேராக நீட்டி, "இதப் பாருடா, இது குப்பை" என்பேன். அதற்குப் பிறகு சமமாகிவிடுவோம். ஒன்றே ஒன்று போதும்.

உறையை எங்கே ஒளித்தேன் தெரியுமா? காகித ஆலைக்குப் போகிற மூட்டைகளில் கடைசி மூட்டைக்குள். ஜெர்மன் அதிகாரி குப்பையில் மட்டும் கை வைக்க மாட்டான், அதனால் நாங்கள் எல்லோருமே நல்லதைக் குப்பைக்குள் வைத்துத்தான் வாசல் வரை நகர்த்துவோம். வண்டி வெள்ளிக்கிழமைதான் வரும். வியாழனன்று எடுத்து, சனிக்கிழமை மறுபடி வேறு மூட்டையில் வைப்பேன். ஏழு வாரம் இப்படி.

ஏழு வாரமும் மதியம் அடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து படித்தேன். எனக்குத் தெரிந்த ஒரே முறையில்தான் படித்தேன். மெல்லிய குரலில் ராகம் போட்டு, ஒவ்வொரு வரியையும் நிறுத்தி, ஆட்சேபணை எழுப்பி, எதிரே அவன் உட்கார்ந்திருப்பதுபோல அவனுக்காக நானே பதிலும் சொல்லி, திரும்பவும் அடித்து. தோப்ரா உருளைக்கிழங்கு உரிப்பதைப் பற்றி ஒன்று இருந்தது: *தோல் அறுந்தால் யாரோ சாவார்கள் என்பதுபோல நீளமாக உரிக்கிறாள்.* கிழங்குத் தோல் அறுந்தால் யாராவது சாவார்களா? போரில்லாத காலத்தில் எழுதியது. அந்த வருஷம் கெட்டோவில் தோலுக்காகவும் ஆட்கள் சாகத்தான் செய்தார்கள். அந்த ஆட்சேபணை என் வாயிலேயே கசந்தது.

ஏழு வாரத்தில் நூற்றுக்கு மேல் ஆட்சேபணைகள் சேர்ந்தன. குப்பை என்று சொல்ல ஒரு கவிதைகூடச் சிக்கவில்லை.

ஏழாவது வாரம் வண்டி புதன்கிழமையே வந்துவிட்டது. என்னையே மூட்டை தூக்கச் சொன்னார்கள். கடைசி மூட்டையின் வாய் அவிழ்ந்திருந்தது. நீலம் தெரிந்தது. அதிகாரி முதுகைக் காட்டிக்கொண்டு, காற்றுக்குக் கையால் மறைத்து சிகரெட் பற்றவைத்தான். இரண்டு தீக்குச்சி அணைந்தது. மூன்றாவது பிடித்தது. கையை விட்டு உறையை எடுத்துச் சட்டைக்குள் போட அது தாராளமான நேரம். நூறு முறை செய்த வேலை.

என் கை போகவில்லை. மூட்டையைத் தூக்கி வண்டியில் போட்டேன்.

பயத்தில் அப்படியே நின்றுவிட்டேன் என்று எழுதினால் நீங்கள் மன்னித்துவிடுவீர்கள். அன்று மாலை அதே சட்டைக்குள் யாரோ ஒரு யூத மதகுருவின் கடிதங்களை வைத்துக்கொண்டு விசில் அடித்தபடி வாசலைக் கடந்தேன். பயம் இல்லை. வண்டி முனை திரும்பியபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. இனி இந்த உலகத்தில் நாங்கள் இருவரும் ஒன்றுதான், இரண்டு பேருக்கும் ஒரு புத்தகமும் கிடையாது என்று நினைத்தேன். அந்த நிம்மதி ஒரு சூப் குடிக்கும் நேரம்கூட நிற்கவில்லை. ராகம் தலைக்குள் தானாக ஓடத் தொடங்கியது.

என் கவிதைகளை மட்டும் பத்திரமாக வைத்தேன். நல்ல தாளில், ஒரு பக்கம் மட்டும் எழுதி, அறுபத்திரண்டு தாள்கள். ஜாம் டப்பாவில் போட்டு, மெழுகு ஊற்றி, எங்கள் வீட்டுப் பாதாள அறையில் புதைத்தேன்.

செப்டம்பரில் ஆண்களை எஸ்தோனிய வேலை முகாம்களுக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஃபைதலின் பெயர் முதல் பட்டியலில். முற்றத்தில் வரிசையில் நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டான்.

"உறை கிடைச்சா தோப்ராகிட்ட குடுத்துடு."

"சரிடா."

"அப்புறம், அந்த ஆத்துக் கவிதைல கை வச்சிராத. உன்ன எனக்குத் தெரியும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். நானும் சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்வது.

நான் சாக்கடை வழியாகத் தப்பி, வேறொரு காட்டில் ஒளிந்துகொண்டேன். தோப்ரா ஒரு விவசாயி வீட்டு உருளைக்கிழங்குக் குழிக்குள் பத்து மாதம் கிடந்தாள். அடுத்த வருஷம் ஜூலையில் ஊர் விடுபட்டது. திரும்பி வந்த பிறகு அவளைப் பார்த்தால் வேறு தெருவில் திரும்பிக்கொள்வேன். ஃபைதல் வந்துவிடுவானோ, வந்து உறையைக் கேட்பானோ என்று ஒரு பயம். வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டதும் நான்தான். அக்டோபரில் எஸ்தோனிய முகாமிலிருந்து ஒருவன் வந்தான். செம்படை வருவதற்குச் சில நாட்கள் முன்னால், கட்டைகளை அடுக்கி அதன் மேல் படுக்க வைத்துச் சுட்டு எரித்தார்கள், ஃபைதலும் அதில் உண்டு என்றான்.

ஏழு நாள் தோப்ரா தரையில் உட்கார்ந்து துக்கம் காத்தாள். நான் போகவில்லை. எட்டாம் நாள் காலையில் என் ஜாம் டப்பாவைத் தூக்கிக்கொண்டு போனேன். ஆறுதல் சொல்ல என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். ஆனால் டப்பாவை ஏன் எடுத்துப் போனேன்? யாராவது ஒருத்தர் என் கவிதையைப் படிக்க வேண்டும். அவன் இல்லாத இடத்திலாவது.

பாதி கூரை இல்லாத வீட்டில் ஒரு அறையில் இருந்தாள். அடுப்பில் கிழங்கு வெந்துகொண்டிருந்தது.

"வா. செத்துட்டியோன்னு பாத்தேன்" என்றாள். டப்பாவைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள். "அவனுதா?"

"இல்ல. என்னுது."

அவள் முகம் விழுந்ததைப் பார்த்தேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செத்துப்போனவன் மேல் அந்த நேரத்திலும் பற்றிக்கொண்டு வந்தது.

"உன்னுது பூரா இருக்கு, அவனுது ஒண்ணுகூட இல்ல" என்றாள். "ஒரு வரி கெடச்சாக்கூடப் போதும்டா. பேரு மட்டும் வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்லப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. ராகம்தான் வந்தது. *தோல் அறுந்தால் யாரோ சாவார்கள் என்பதுபோல.* முழுக் கவிதையையும் சொன்னேன். தோப்ரா அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இது நானா?"

"நீதான்."

"இன்னும் தெரியுமா உனக்கு?"

"நாப்பத்து மூணும் தெரியும்."

பென்சில் இருந்தது. தாள் இல்லை. அந்த மாதம் ஊரில் தாள் எங்கே கிடைத்தது? பக்கத்து வீட்டில் கேட்டுவிட்டு வெறுங்கையோடு வந்தாள். பிறகு என் டப்பாவை மடியில் வைத்து மெழுகை உடைத்தாள். ஒரு தாளை எடுத்தாள். திருப்பினாள். வெள்ளை. இன்னொன்றைத் திருப்பினாள். வெள்ளை.

"ஒரு பக்கம்தான் எழுதியிருக்க."

"அச்சுக்கு அப்படித்தான் அனுப்பணும்."

"அச்சுக்கு!" என்றாள். எரிச்சலில் சிரித்த சிரிப்பு அது. "எழுதட்டுமா?"

வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இருந்தது. அறுபத்திரண்டு தாள், பத்து வருஷம். "எழுது" என்றேன்.

காலையிலிருந்து நான் சொல்ல, அவள் எழுதினாள். பழக்கத்தில் நடுநடுவே ஆட்சேபணையும் வந்துவிடும். "அதையும் எழுதணுமா?" என்று கேட்பாள். "வேணாம், அது நான்" என்பேன். இருபத்தெட்டு முடிந்தது. இருபத்தொன்பதாவது ஆற்றுக் கவிதை.

கடைசி வரிக்கு வந்தேன். தேநீர்க் கடையில் கேட்டவர்கள் ஒருவரும் உயிரோடு இல்லை. தோப்ரா வாசிப்புக்கெல்லாம் வந்ததில்லை. உலகத்தில் அந்த வரி என் வாயில் மட்டும்தான் இருந்தது. *நதி மறுபடி பேசத் தொடங்குகிறது* என்றேன். அவள் எழுதினாள். உரக்கப் படித்துப் பார்த்தாள்.

"என்ன அழகா எழுதியிருக்கான் பாரு என் தம்பி" என்றாள்.

முப்பத்து நான்கு வயது எனக்கு. என் வரி ஒன்றை ஒருவர் அழகு என்று சொல்லிக் கேட்டது அதுதான் முதல் முறை. அதுவும் அவனுக்குப் போய்விட்டது. செத்த பிறகும் அவனுக்கே போய்விட்டது. எனக்குப் பொறுக்கவில்லை.

"அது என்னுது!" என்று கத்திவிட்டேன். "அவனுது இல்ல. வெட்டு அத!"

தோப்ரா நிமிர்ந்தாள். அப்புறம் எதையும் நிறுத்த முடியவில்லை. அவனுடைய சரியான வரியைச் சொன்னேன். உறை கிடைத்ததைச் சொன்னேன். ஏழு வாரம் படித்ததை, தினமும் பொய் சொன்னதை, புதன்கிழமை வண்டியை, மூன்று தீக்குச்சியை. நிம்மதியாக இருந்ததையும் சொன்னேன்.

மதியத்துக்கு மறுபடி வைத்த கிழங்கு அடிப்பிடிக்கும் வாசனை வந்தது. எழுந்து போய் இறக்கிவைத்துவிட்டு வந்தாள்.

"நீ படிக்கிறது அவனுக்குத் தெரியும்" என்றாள்.

"என்ன?"

"பெரல் சொல்லிட்டாரு. அடுப்புக்குப் பின்னாடி ஒக்காந்து ஒரு நீல உறைய வச்சுக்கிட்டு ஆடி ஆடிப் படிக்கிறான்னு. நான் போய் உன் சட்டையப் பிடிக்கிறேன்னேன். தம்பிதான் விடல. படிக்கட்டும்க்கா, ஒரு குறையாவது கண்டுபிடிச்சாத்தான் கொண்டு வருவான், அவன் மாதிரி என்னை எவன் படிப்பான்னான். தினமும் வாசல்ல வந்து நின்னது உறைக்குன்னா நெனச்ச? என்ன குறை கண்டுபிடிச்சன்னு கேக்கறதுக்குடா."

உடைந்த மெழுகுத் துண்டுகளைப் பொறுக்கி டப்பாவில் போட்டேன்.

"வண்டி விஷயம் அவனுக்குத் தெரியாது" என்றாள் தோப்ரா. "அத நீயே வச்சுக்கோ. அதுக்கு என்கிட்ட மருந்து இல்ல."

பென்சிலை எடுத்து என் வரியை வெட்டினாள். வெட்டின வேகத்தில் முனை தாளைத் துளைத்துக்கொண்டு போய்விட்டது. மறுபக்கம் எங்கே இறங்கியிருக்கிறது என்று எனக்குப் பார்க்காமலே தெரியும். என் கவிதையின் மூன்றாம் வரி, 'நித்தியம்' என்ற சொல்.

அவள் திருப்பிப் பார்க்கவில்லை. வெட்டின வரிக்குக் கீழே ஃபைதலின் வரியை எழுதினாள். இன்னொரு முறை படித்தாள். இந்த முறை அழகு என்று சொல்லவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பாழாய்ப்போன வரி, அது என்னுடையதைவிட நல்ல வரிதான்.

என் தாள் ஒன்றைத் திருப்பி மடியில் வைத்துக்கொண்டு, "முப்பதாவது சொல்லு" என்றாள்.

சொன்னேன்.